பதினான்காம் எண் வீடு பூட்டியிருந்தது

சேவை செய்வதற்கென்று படித்துப் பட்டம் வாங்கியவன் நான். சிரிக்க வேண்டாம், அப்படியும் ஒரு படிப்பு இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத் துறை, கல்லூரி விரிவுரையாளர்களுக்காக ஓராண்டு முதுநிலைப் பட்டயம் ஒன்றை நடத்தியது. மாணவர்களைத் தெருவுக்கு அழைத்துப்போய், அங்கே வாழ்கிறவர்களோடு வேலை செய்ய வைத்து, அந்த வேலையிலிருந்தே பாடம் கற்க வைப்பது எப்படி என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சேவைவழிக் கற்றல் என்று அதற்குப் பெயர். சனிக்கிழமை முழுநாள் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை மாணவர்களோடு களப்பணி. முடித்தவர்கள் தத்தம் கல்லூரியில் அந்த வேலைக்கு ஒருங்கிணைப்பாளர் ஆகலாம். நான் வணிகவியலில் தற்காலிக விரிவுரையாளன். பட்டயத்தோடு வந்தால் வேலை நிரந்தரம் என்று எங்கள் முதல்வர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். மனைவியை ஆரணியிலிருந்து அழைத்துவந்து ஈஜிபுராவில் இருபத்திரண்டு வீடுகள் கொண்ட ஒரு குறுகிய தெருவில் குடிவைத்திருந்தேன். எங்கள் வீட்டு எண் பதினான்கு. அவளுக்குக் கன்னடம் தெரியாது. அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள் என்பதால் அது ஒரு குறையாகவும் தெரியவில்லை. வேலை நிரந்தரமாகட்டும், அதற்கப்புறம் குழந்தை என்று நான் முதலிலேயே சொல்லியிருந்தேன். அவள் "சரிங்க" என்றாள். எதைச் சொன்னாலும் சரிங்க என்று சொல்லும் மனைவி வாய்த்தது என் அதிர்ஷ்டம் என்று நண்பர்களிடம் பெருமையடித்தும் இருக்கிறேன்.

அந்த வருடக் கடைசியில் அவள் என்னைவிட்டுப் போகத் தயாராக இருந்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது எனக்கு மட்டும்தான் கடைசியில் தெரிந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னாள். அண்ணன் வந்து கூட்டிப்போவார் என்றாள். இருந்த புடவைகள் எல்லாவற்றையும் பெட்டியில் மடித்து வைத்தாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இவ்வளவு புடவை எதற்கு என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. கையில் அறிக்கை எழுதும் வேலை இருந்தது.

ஆகஸ்டில் எங்களுக்குப் பத்து நாள் முகாம். கனகபுரா தாண்டி ஒரு கிராமம். போன் வசதி கிடையாது. காலையில் கிராமத்தாரோடு வாய்க்கால் தூர்வாருவது, மாலையில் வட்டமாக உட்கார்ந்து அன்றைக்கு யார் என்ன உணர்ந்தோம் என்று ஒருவர் விடாமல் சொல்வது. நான் நன்றாக உணர்ந்தேன், அதைவிட நன்றாகச் சொன்னேன். வீட்டுக்குத் திரும்பியதும் மனைவியை எதிரில் உட்கார வைத்து மூன்று நாள் அந்த முகாம் கதையையே பேசினேன். அந்த ஊரில் ஒரு கிழவர் தனியாக இருந்தார், அவரிடம் ஒருத்தரும் போய் எப்படி இருக்கிறீர் என்று கேட்டதில்லை, நாங்கள்தான் கேட்டோம் என்றெல்லாம். அவள் சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் வெளிறியிருந்தாள். "உடம்பு சரியில்லையா?" என்றேன். "ஒண்ணுமில்லீங்க, வெயிலு" என்றாள். ஆகஸ்டு மாதத்துப் பெங்களூரில் என்ன வெயில் என்று இப்போது கேட்கிறேன்.

படிப்பில் இரண்டு சட்டங்கள் கறாராக இருந்தன. ஒன்று, யாருடைய பெயரையும் எழுதக் கூடாது. வீட்டு எண்ணை மட்டும் எழுத வேண்டும். இரண்டு, நாம் குடியிருக்கும் தெருவைக் களமாக எடுக்கக் கூடாது. எங்கள் பேராசிரியை அதற்குக் காரணமும் சொன்னார்: சொந்தத் தெருவில் எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் கேள்வியே கேட்க மாட்டீர்கள். நான் இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

எனக்கு முதலில் கொடுத்த களம் நீலசந்திரா. இரண்டு மாதம் போனேன். எங்களை அங்கே அறிமுகப்படுத்துவதாகச் சொன்ன ஆள் வேலை மாறிப் போய்விட்டார். மாணவர்கள் பதினெட்டுப் பேரை வைத்துக்கொண்டு சந்து சந்தாக நின்றோம். எந்தக் கல்லூரி, எதற்கு வந்தீர்கள், போன தடவை வந்தவர்கள் எழுதிக்கொண்டு போனது என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், செப்டம்பரில் களத்தை ஈஜிபுராவுக்கு மாற்றி எழுதிக்கொடுத்தேன். என் தெருவின் பெயரைத்தான் எழுதினேன். படிவத்தில் என் முகவரி என்ற இடத்தில் கல்யாணத்துக்கு முன்னால் தங்கியிருந்த அறையின் விலாசத்தைப் போட்டேன். யாரும் சரிபார்க்கவில்லை. சேவை செய்ய வருகிறவன் பொய் சொல்வான் என்று யாருக்குத் தோன்றும்?

மாட்டிக்கொள்வேனோ என்ற பயம் ஒரு வாரம் இருந்தது. அப்புறம் ஒன்று புரிந்தது: அந்தத் தெருவில் என்னை யாருக்கும் தெரியாது. காலை ஆறரைக்குக் கிளம்புவேன், இருட்டிய பிறகு வருவேன், சனி ஞாயிறும் இருக்க மாட்டேன். வீட்டுக்காரர் வேறு இடத்தில் இருந்தார். மாணவர்களோடு நான் முதல் ஞாயிறு தெருவுக்குள் நுழைந்தபோது, எட்டு மாதமாக என் மனைவி மாவு அரைக்கப் போகும் மில்லின் சொந்தக்காரம்மா வாசலுக்கு வந்து, தமிழும் கன்னடமும் கலந்து, "யாருப்பா நீங்க, ஏனு விஷயா? கார்ப்பொரேஷன்லேர்ந்து வர்றீங்களா?" என்று என்னிடமே கேட்டார். கல்லூரியிலிருந்து வருகிறோம் என்று சொன்னேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

மனைவியிடம் முந்தின நாளே சொல்லிவைத்திருந்தேன். "நான் உன்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க மாட்டேன். நீயும் காட்டிக்காத. வேலை விஷயம்." அவள் சரிங்க என்றாள். முதல் கணக்கெடுப்பில் பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து ஆகிய மூன்று வீடுகளை நானே பார்ப்பதாக எடுத்துக்கொண்டேன். பதினான்காம் எண்ணுக்கு எதிரே 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதினேன். உள்ளே அவள் சமைத்துக்கொண்டிருந்தாள், கடுகு தாளிக்கும் சத்தம் கேட்டது.

நவம்பரில் வரைபட நாள். எங்கள் படிப்பில் இது பெரிய சடங்கு. தெருவின் நடுவில் கோலப்பொடியால் தெருவையே வரைய வேண்டும். நாம் வரையக் கூடாது, அந்தத் தெருப் பெண்கள்தான் வரைய வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டம் போட்டார்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: மத்தியான நேரத்தில் வீட்டில் தனியாக இருக்கிறீர்கள், திடீரென்று ஏதோ ஆகிவிட்டது, எந்த வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்? உங்கள் கட்டத்திலிருந்து அந்தக் கட்டத்துக்கு ஒரு கோடு போடுங்கள். யார் யாருக்குத் துணை, யாருக்குத் துணையே இல்லை என்பது அரைமணி நேரத்தில் தெருவில் வெள்ளையாகத் தெரிந்துவிடும். இதைக் கண்டுபிடித்தவர் கெட்டிக்காரர்தான்.

அன்றைக்கு என் மனைவியும் வெளியே வந்தாள். வரச் சொல்லி நான் சொல்லவில்லை. மற்ற பெண்களோடு ஓரமாக நின்றாள். மாணவி ஒருத்தி, பிரேசர் டவுனிலிருந்து வருகிறவள், கையில் பட்டியலை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "சார், ஃபோர்ட்டீன் டோர் லாக்டுன்னு போட்டிருக்கீங்க. ஆனா ஆள் இருக்காங்க சார். அந்த அக்கா அந்த வூடுதான்னு சொல்றாங்க."

"ஊருக்குப் போயிருந்திருப்பாங்க. இப்ப சேத்துக்கோ" என்றேன்.

மனைவி குனிந்து பொடியை எடுத்தாள். பதினான்காம் கட்டத்திலிருந்து தெருக்கோடியில் இருந்த மாவு மில் வரை ஒரே இழுப்பாக, நடுவில் எடுக்காமல் கோடு போட்டாள். இடையில் ஏழு வீடுகளைத் தாண்டிப் போன கோடு அது. பக்கத்து வீட்டுக்குப் போடாமல் அவ்வளவு தூரம் ஏன் போகிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். மாவு அரைக்கப் போய்ப் பழக்கம், அதனால் இருக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். கோடு நேராக வந்ததில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. சொன்ன சொல் மாறாமல் நடந்துகொள்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு, கோட்டின் இரண்டு முனையிலும் போய்ப் பேச வேண்டும். கடைசியாக எப்போது அந்தக் கதவைத் தட்டினீர்கள், என்ன நடந்தது என்று கேட்டு மாணவர்கள் தங்கள் கள நாட்குறிப்பில் எழுத வேண்டும். மில் வீடு அந்த மாணவிக்கு வந்தது. அவள் அங்கே பேசி முடித்துவிட்டு, கோடு வந்த வழியே நடந்து பதினான்காம் வீட்டுக்கும் போயிருக்கிறாள். நான் தெருவின் அடுத்த முனையில் இன்னொரு குழுவோடு இருந்தேன். எனக்குத் தெரியாது.

நாட்குறிப்புகள் டிசம்பரில் என் மேஜைக்கு வந்தன. பதினெட்டு நோட்டுகள். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து திருத்தினேன். அந்தத் திங்கட்கிழமை மைத்துனர் வருவதாக இருந்தது. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரம். அந்த மாணவியின் நோட்டு பதினோராவது. ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தாள், நினைவிலிருக்கிறபடி தமிழில் சொல்கிறேன்.

'எண் பதினான்கு. இளம் பெண். ஆகஸ்டு மாதம் ஒரு மத்தியானம் அவருக்கு இரத்தப்போக்கு ஏற்பட்டது. மூன்றாவது மாதம். பக்கத்து இரண்டு வீடுகளில் ஆள் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே மாவு மில் வரை நடந்து போயிருக்கிறார். மில் அம்மா மிஷினை நிறுத்திவிட்டு, மாவு படிந்த புடவையோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். கரு கலைந்துவிட்டது. கணவர் வெளியூரில் இருந்தார். முக்கியமான வேலை என்று அந்தப் பெண் சொன்னார். கர்ப்பமாக இருப்பதை அவர் திரும்பி வந்ததும் சொல்லலாம் என்று வைத்திருந்தாராம். அவர் வந்தபோது சொல்ல ஒன்றும் இல்லை. கணவர் எப்படிப்பட்ட மனிதராக இருப்பார் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.'

இதைப் படித்தபோது எனக்கு என்ன ஆயிற்று என்று எழுத வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து மேஜையில் இருந்தவர் டீ சொல்லட்டுமா என்று கேட்டார், சொல்லுங்கள் என்றேன். டீ வந்தது, குடித்தேன். பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் கன்னத்தைத் தட்டினாலும் தெரியாதே, அப்படி இருந்தது. நோட்டுக்கு மதிப்பெண் போட வேண்டியிருந்தது. கேள்வி கேட்ட விதம் நன்று, விவரம் நன்று, பெயர் எழுதவில்லை, நன்று. கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, 'தீர்ப்புச் சொல்ல வேண்டாம். கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதவும்' என்று எழுதினேன். பத்துக்கு ஏழு. பிறகு பன்னிரண்டாவது நோட்டை எடுத்தேன்.

மறுநாள் அந்த மாணவி நோட்டோடு வந்து நின்றாள்.

"சார், நான் ஜட்ஜ் பண்ணல சார். எப்படிப்பட்டவர்னு யோசிச்சேன்னுதான் எழுதியிருக்கேன். யோசிக்கிறது தப்பா சார்?"

"அவர் பக்கத்துல என்ன காரணமோ, உனக்குத் தெரியாது இல்ல?"

"தெரியாது சார். அதான் யோசிச்சேன்."

நோட்டை வாங்கி ஏழு என்பதை அடித்து எட்டு போட்டுக்கொடுத்தேன். தேங்க்யூ சார் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு நாளில் எனக்கு வந்த ஒரே உணர்ச்சி அதுதான்.

வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாளும் வீட்டுக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். மனைவியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஊரார் வீட்டில் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று எனக்குப் பயிற்சி இருந்தது: முதலில் பொதுவாகப் பேசு, அவசரப்படாதே, ஆமாம் இல்லை என்று பதில் வரும்படி கேட்காதே. சமையலறை வாசலில் நின்று இதில் ஒன்றைக்கூட என்னால் செய்ய முடியவில்லை. "திங்கக்கிழமைலேர்ந்து பால் வேண்டாம்னு பால்காரன்கிட்ட சொல்லிடவா?" என்று அவள்தான் ஒருநாள் கேட்டாள். எதற்கு என்றேன். "நான் இருக்க மாட்டேனே, உங்களுக்கு எதுக்குப் பாலு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை களப்பணி இல்லை. கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்கியிருந்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். கீரைக் கூட்டும் சாதமும். கரண்ட் இல்லை. கதவைத் திறந்து வைத்திருந்ததால் தெருக்கோடியில் நின்றுபோன மில்லுக்கு முன்னால் பெண்கள் டப்பாக்களோடு காத்திருந்தது தெரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டேன்.

"அண்ணன் நாளைக்கு எத்தன மணிக்கு வராரு?" என்றேன்.

"விடியக்கால பஸ்ஸு. பன்னெண்டுக்குள்ள வந்துடுவாரு."

அவள் சாதத்தைப் பிசைந்தபடியே இருந்தாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"ஏங்க, ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"கேளு."

"அந்தப் பொண்ண நீங்கதானே அனுப்பினீங்க?"

எனக்குப் புரியவில்லை. என்ன கேட்கிறாய் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே பேசிவிட்டாள்.

"உங்க வாயால கேக்க முடியல. அதான் அவள அனுப்பிச்சு கேக்கச் சொன்னீங்க. மில்லுக்காரம்மா மூலமா உங்களுக்கு எப்பிடியோ தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். அவ வந்து வாசல்ல நின்னு, கடைசியா எப்பங்க்கா கதவத் தட்டினீங்கன்னு கேட்டதும் எனக்கு அழுகையே வந்திடுச்சு. இவரு அனுப்பியிருக்காருன்னு. அவ்ளோ நாளா யார்கிட்டயும் சொல்லாத எல்லாத்தயும் சொன்னேன். நான் அவகிட்டயா சொன்னேன்? முன்ன பின்ன தெரியாத பொண்ணுகிட்ட இதெல்லாம் யாராச்சும் சொல்வாங்களா? உங்ககிட்டதாங்க சொன்னேன்."

இவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. கையில் சாதம் காய்ந்துகொண்டிருந்தது.

"அன்னிலேர்ந்து பாக்குறேன். இன்னிக்குப் பேசுவாரு, நாளைக்குப் பேசுவாருன்னு. நீங்க ஒண்ணுமே பேசல. அப்பதான் சந்தேகம் வந்துச்சு, இவரு அனுப்பலியோ, நான்தான் பைத்தியக்காரி மாதிரி நெனச்சுக்கிட்டேனோன்னு. அண்ணனுக்கு லெட்டர் போட்டேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நீங்க அனுப்பலேன்னா சொல்லிடுங்க. நான் போய்ட்டு... திரும்பி வரல. கோவமெல்லாம் இல்லீங்க. எனக்குத் தெரிஞ்சா போதும். நீங்கதானே அனுப்பினீங்க?"

ஆமாம் அல்லது இல்லை. மூன்றாவது பதில் கிடையாது. நான் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். வாயில் எது முதலில் வந்ததோ அதுதான் வந்தது.

"ஆமா. நான்தான் அனுப்பினேன்."

அவள் தலையை இரண்டு தரம் ஆட்டினாள். இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தெரியும்" என்றாள். அப்புறம் தட்டில் இருந்த சாதத்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். நெடுநாள் பட்டினி கிடந்தவள் சாப்பிடுவதுபோல் இருந்தது. எனக்கும் இன்னொரு கரண்டி கூட்டு போட்டாள். "அண்ணன் வந்தா சாப்பாடு போட்டு அனுப்பிடலாங்க. பொங்கலுக்கு நாம ரெண்டு பேருமா போய்க்கலாம்" என்றாள். சரி என்றேன். அன்றைக்கு அவள் சொல்ல வேண்டிய வார்த்தையை நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மைத்துனர் மறுநாள் வந்தார். தங்கையின் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், சாப்பிட்டுவிட்டுத் தனியாக ஊருக்குப் பஸ் ஏறினார். மார்ச்சில் அறிக்கையைக் கொடுத்தேன். கோலப்பொடி வரைபடத்தைச் சார்ட்டில் வரைந்து ஒட்டியிருந்தேன். பதினான்காம் வீட்டுக் கோடும் அதில் இருந்தது. வாய்மொழித் தேர்வில் அந்தக் கோட்டைக் காட்டி, பக்கத்து வீடுகளை விட்டு ஏன் இவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கேட்டார். மத்தியானத்தில் திறந்திருக்கும் கதவு அது ஒன்றுதான் என்று சொன்னேன். நல்ல கண்டுபிடிப்பு என்று குறித்துக்கொண்டார். முதல் வகுப்பில் தேறினேன், வேலையும் நிரந்தரமானது. அதன்பின் வருடா வருடம் புதிய விரிவுரையாளர்களுக்கு, நாம் கேட்கும் கேள்வி நம்முடையதாக இருக்க வேண்டும் என்று வகுப்பெடுத்தேன். கூச்சமே இல்லாமல் எடுத்தேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். மனைவி யாரிடமாவது என்னைப் பற்றிச் சொல்ல நேர்ந்தால், அவருக்கு வாய் வராது, ஆனால் மனசுக்குள் எல்லாம் தெரிஞ்சுக்குவார் என்று சொல்வாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எத்தனையோ தடவை உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்திருக்கிறது. சொன்னால், அன்றைக்கு வாசலில் நின்றபடி அவள் சொன்னதெல்லாம் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சொன்னதாகிவிடும். அவள் என்னிடம் பேசவே இல்லை என்றாகிவிடும். அதனால் சொல்லவில்லை.